மாப்பிள்ளை வீசிய வெள்ளை

சும்மா இருக்கத் தெரியாதவர்கள் விடுமுறை எடுக்கக் கூடாது. எடுத்தால் அவர்களுக்கும் நல்லதில்லை, அவர்கள் போய் இறங்கும் ஊருக்கும் நல்லதில்லை. இதற்கு ஆர்.எஸ்.மங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமமே சாட்சி. (ஊர்ப் பெயரை எழுதக் கூடாது என்று என் மனைவி வளர்மதி சொல்லிவிட்டாள். "நான் பொறந்த ஊருங்க. நாளைக்கும் நான் அங்கன போயி வரணும்ல?")

நான் சென்னையில் ஒரு நாளிதழில் துணை ஆசிரியன். மற்றவர்கள் எழுதி அனுப்புவதைத் திருத்துவது என் வேலை. அந்த நாற்காலியில் நெடுநாள் உட்கார்ந்தால் ஒரு வியாதி வரும். எதைப் பார்த்தாலும் தப்பாக எழுதியிருப்பதாகத் தோன்றும். பால் பாக்கெட்டில் ஒற்றுப்பிழை கண்டால் அன்றைக்குக் காபி இறங்காது. 'ர', 'ற' வித்தியாசம் தெரியாத நிருபர்களை நான் பேசிய பேச்சைக் கேட்டு இரண்டு பேர் வங்கி வேலைக்குப் போய்விட்டதாக அலுவலகத்தில் ஒரு வதந்தி உண்டு.

அப்படிப்பட்டவன் ஒரு வைகாசி மாதத்தில் கைப்பேசியை நோண்டிக்கொண்டு இருந்தபோது வளர்மதி தன் அப்பாவிடம் பேசி முடித்துவிட்டு ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அய்யா வெள்ளை வீசுறாக! இந்தத் தடவ நம்ம கரை. போயே ஆகணும்."

என் காதில் 'வெள்ளை' விழுந்தது, 'கரை' விழுந்தது. நடுவில் இருந்தது விழவில்லை. காதில் விழுந்த 'கரை'யை என் மூளை வல்லின றகரம் போட்டு எழுதிக்கொண்டது. ஆக, எங்கோ சுவரில் கறை இருக்கிறது, மாமனார் வெள்ளையடிக்கிறார். அநேகமாகக் கோயில் சுவர். போனால் என் கையிலும் ஒரு மட்டையைக் கொடுப்பார்கள். முந்தைய பொங்கலுக்கு மாட்டுத் தொழுவத்தில் இப்படித்தான் மாட்டிக்கொண்டேன். (மாடு என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.)

"என்ன வெள்ளை?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மற்றவர்களைக் கேள்வி கேட்கச் சொல்லியே சம்பளம் வாங்குகிறவன், கேட்கவில்லை.

தப்பிக்க ஒரு வழி கனடாவிலிருந்து வந்தது. அங்கே இருக்கும் மைத்துனன் ஒரு படம் அனுப்பியிருந்தான். ஏதோ ஒரு மாகாணப் பூங்கா. கண்ணாடி போல ஓர் ஏரி, கரையில் கூடாரம், கூடாரத்தின் முன்னால் மடக்கு நாற்காலி. அதில் மைத்துனன், கையில் காபி, முகத்தில் ஞானம். விடுமுறை முழுக்க ஏரியைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தானாம். "மனசு அப்படியே லேசாயிருச்சு மச்சான்" என்று எழுதியிருந்தான். (படத்தைப் பார்த்தால் மனசு ஒன்றுதான் லேசாகியிருந்தது.)

தேடிப் பார்த்தேன். என்ன ஆச்சரியம், மாமனார் ஊர்க் கண்மாயை ஒட்டியே ஒரு முகாம் இருந்தது. 'லேக் வியூ கேம்பிங்'. பெரியபட்டினத்துக்காரரான செய்யது பாய் என்பவர் வளைகுடாவில் ஒரு பெரிய ஓட்டலில் அறைகளைச் சீர்படுத்தும் வேலை பார்த்துத் திரும்பி, மடைக்குப் பக்கத்தில் ஒரு தோப்பைக் குத்தகைக்கு எடுத்து, கூடாரங்கள் அடித்திருந்தார். ராமேசுவரம் போகிறவர்கள் தங்கிப் போவார்களாம். விளம்பரப் படத்தில் கண்மாய் தளும்பிக்கொண்டிருந்தது. நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும், அது தை மாதத்துப் படம்.

ஊருக்குப் போய் இறங்கியதும் மாமனாரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் அதிகம் பேசாத சம்சாரி. நெல்லுக்கும் மிளகாய்க்கும் அளந்து தண்ணீர் விடுகிற மாதிரிதான் வார்த்தைகளையும் விடுவார்.

"ஏன் மாப்ள, வீட்ல எதுவும் கொறையா?"

"சேச்சே, இல்ல மாமா. இயற்கையோட கொஞ்சம் இருக்கலாம்னு."

அவர் யோசித்தார். "வீட்டுக்குப் பின்னாடி இருக்கதும் இயற்கைதான் மாப்ள" என்றார். பிறகு அந்த முகாம் மடைப் பக்கம் இருக்கிறது என்று கேட்டதும் முகம் மாறிவிட்டது. நான் அதுவரை பார்த்திராத ஒரு சிரிப்பு. "ஓ, அதுக்குத்தானா! இருங்க, இருங்க. அங்கன இருந்தாத்தான் நல்லாத் தெரியும். காலையில நல்லாப் பாருங்க மாப்ள."

சூரிய உதயத்தைச் சொல்கிறார் என்று நினைத்தேன். கிளம்பும்போது பார்த்தால், மொட்டைமாடியில் புத்தம் புதிய வெள்ளைத் துண்டு ஒன்றை வலது கையில் பிடித்து மெதுவாகச் சுழற்றிக்கொண்டிருந்தார். ஒரு தடவை, நிறுத்தி, மறுபடி. கஞ்சியை உதறுகிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். வளர்மதி கூடாரத்துக்கு வர மறுத்துவிட்டாள். "மெத்தை இருக்க வீட்ட விட்டுட்டுக் கொசுவுக்குச் சோறு போட எனக்கென்ன வேண்டுதலா?"

முகாம் கண்மாய்க் கரைக்கு வெளிப்புறம், பள்ளத்தில் இருந்தது. சுற்றிலும் கருவேல முள். ஏரி மட்டும் இல்லை.

"லேக் வியூ எங்க பாய்?"

"கரை மேல ஏறுனாத் தெரியும் தம்பி. வியூன்னுதானே போட்டிருக்கேன்? டென்ட்டுலருந்து தெரியும்னு போடலயே."

துணை ஆசிரியனாக அந்த வாக்கியத்தில் எனக்கு ஒரு பிழையும் கிடைக்கவில்லை. ஏறிப் பார்த்தேன். தண்ணீர் வற்றி, கரையை ஒட்டி இடுப்பளவுக்குப் பழுப்பாகக் கிடந்தது. அதற்கப்பால் வெடித்த வண்டல். தனுஷ்கோடிப் பக்கம் முகாம் போட்டிருந்தால் கடலாவது தெரிந்திருக்குமே என்றேன். "அங்கன அடிக்கிற காத்துக்கு டென்ட்டோட உங்களையும் இலங்கையில போயித்தான் எடுக்கணும்" என்றார் பாய்.

மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தேன். மைத்துனனைப் போல முகத்தை வைத்துக்கொண்டேன். மனசு லேசாகக் காத்திருந்தேன். ஆகவில்லை. நாற்காலியை வேப்பமரத்தடிக்கு மாற்றினேன். அங்கே எச்சம் விழுந்தது. புளியமரத்தடிக்கு மாற்றினேன். அலுவலகத்தில் என்ன தலைப்பு வைக்கிறார்களோ என்று கவலை வந்தது. சிக்னல் கரை மேலேதான் கிடைக்கும். ஏறினேன். ஒன்றும் வந்திருக்கவில்லை. இறங்கினேன். இறங்கியதும், இப்போது வந்திருக்குமோ என்று தோன்றியது.

பாய் பார்த்துக்கொண்டே இருந்தார். "தம்பி, ஒக்காருங்க. கேம்பிங்னா சும்மா இருக்கது. நீங்க கெடா வெட்டுக்கு வந்த ஆளு மாதிரி அலையிறீகளே."

கூடாரத்துக்குள் படுக்கை மேல் ஓர் அன்னம் இருந்தது. பெரிய வெள்ளைக் குளியல் துண்டை மடித்து, கழுத்து வளைத்து, அன்னமாகவே ஆக்கி வைத்திருந்தார் பாய். ஓட்டலில் கற்ற கலை. அதன் வாயில் ஒரு பிஸ்கட்டைச் சொருகிப் படம் எடுத்து மைத்துனனுக்கு அனுப்பினேன். பிறகு அன்னத்தை அப்படியே ஓரமாக நகர்த்தி வைத்தேன், பிஸ்கட்டோடு.

"காலையில கொஞ்சம் ஆளுக வருவாக. கண்டுக்காதீக" என்று சொல்லிவிட்டு பாய் போனார். அன்று நான் தூங்கவில்லை. கொசுக்களும் தூங்கவில்லை.

விடிந்ததும் சிக்னலுக்காகக் கரை மேல் ஏறியவன் அப்படியே நின்றுவிட்டேன். கண்மாயைச் சுற்றி ஜனம். எதிர் ஓரத்தில், வண்டலில், கரை நெடுக. ஆண்கள், பெண்கள், வேட்டியை மடித்துக் கட்டிய கிழவர்கள். எல்லோர் கையிலும் கூடை. யாரும் வேலை செய்யவில்லை. நூறு நாள் வேலைக்கு வந்தவர்கள் என்று முடிவு செய்தேன், கண்மாய் தூர்வார வந்திருக்கிறார்கள். பிறகு என் பத்திரிகைக் கண் இன்னொன்றைக் கண்டது. அந்தக் கூடைகளுக்கு அடிப்பாகமே இல்லை.

அடியில்லாத கூடையில் மண் அள்ள முடியுமா? உடம்பெல்லாம் ஒரு துடிப்பு. விடுமுறையில் முதல் முறையாக மனசு லேசானது. பக்கத்தில் நின்ற ஓர் அம்மாவிடம் போனேன்.

"இந்தக் கூடைக்கு அடி எங்கம்மா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அடி இருந்தா எப்பிடிய்யா உள்ள கைய விடுறது?"

"கைய விடுறீங்களா? யாரெல்லாம்?"

"எல்லாருந்தேன்."

"யாரும் கேக்க மாட்டாங்களா?"

"வெள்ளை விழுகுறவரைக்கும் கேப்பாக. இப்ப எறங்குனாக் காலை ஒடிச்சிருவாக. வெள்ளை விழுந்துட்டா அப்பறம் யாரு கேக்கப் போறா? அதுக்குத்தேன் காத்துக் கெடக்கோம்."

வெள்ளை என்பது ஒப்பந்தக்காரரின் பெயர் என்று புரிந்துகொண்டேன். வெள்ளைச்சாமியாக இருக்கலாம். செய்தி ஆசிரியருக்கு ஒரு தகவல் தட்டினேன்: 'அடியில்லாத கூடையில் தூர்வாரல். ஊரே உடந்தை. வெள்ளை என்பவரைச் சந்திக்கப் போகிறேன்.' உடனே பதில் வந்தது: 'முதல் பக்கம். படம் முக்கியம்.'

ஒப்பந்தக்காரரைப் பார்க்கக் கொசுக்கடி முகத்தோடு போக முடியாது. இறங்கி வந்து பீப்பாய்த் தண்ணீரில் குளித்தேன். வெள்ளை வேட்டி கட்டினேன். அன்னத்தைப் பிரித்துத் தோளில் போர்த்திக்கொண்டேன்.

பிஸ்கட்டுக்கு வந்திருந்த சுள்ளெறும்புகள் அன்னத்தின் கழுத்திலிருந்து என் கழுத்துக்கு மாறின.

கத்திக்கொண்டு வெளியே ஓடினேன். சுற்றிலும் முள். கை வீச இடம் இருந்தது கரை மேல் மட்டும்தான். ஏறினேன். அன்னமாக இருந்ததை இரண்டு கையாலும் பிடித்து, தலைக்கு மேல் தூக்கி, முழு வீச்சில் உதறினேன். மறுபடி உதறினேன்.

கண்மாய் முழுக்க ஒரு சத்தம் எழுந்தது. "ஓ...!" என்று. நான் எத்தனையோ பொதுக்கூட்டச் செய்திகளில் 'விண்ணதிர முழங்கினர்' என்று எழுத விட்டிருக்கிறேன். விண் அதிர்ந்தால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. அத்தனை ஜனமும் கூடையைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் பாய்ந்தது. சற்று முன் என்னிடம் பேசிய அம்மா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் பறந்தார்.

ஏதோ விபரீதம், கூட்டமாகச் சாகப் போகிறார்கள் என்றே நினைத்தேன். "நில்லுங்க! நில்லுங்க!" என்று கத்தினேன். கத்தினால் கேட்கவா போகிறது என்று கையிலிருந்ததை வீசினேன், இன்னும் வேகமாக, இன்னும் உயரமாக. அதுவரை சந்தேகப்பட்டுக்கொண்டு கரையில் நின்ற நல்லவர்களும் அதைப் பார்த்துத் தெளிவடைந்து இறங்கிவிட்டார்கள்.

கூடைகள் கவிழ்ந்து தண்ணீருக்குள் இறங்கின. மேலே இருந்த ஓட்டை வழியாகக் கைகள் உள்ளே போயின. கெளுத்தியும் கெண்டையும் வெளியே வந்தன. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மீன் பிடிக்கிற ஊத்தா. அடியில்லாமல்தான் இருக்கும். கண்மாயில் மீன்பிடித் திருவிழா. ஊர்ப் பெரியவர் மடைக்கு மேலே நின்று வெள்ளைத் துண்டு வீசினால்தான் ஜனம் இறங்கலாம்.

கூடவே இன்னொன்றும் ஞாபகம் வந்தது. ஒரு வருஷம் இந்தப் பக்கத்து நிருபர் 'வெள்ளை வீசியதும் மக்கள் கண்மாயில் இறங்கினர்' என்று எழுதியிருந்தார். அதைக் 'கொடியசைத்துத் தொடங்கி வைத்ததும்' என்று திருத்தியவன் நான்.

இதற்குள் கரையின் மறுமுனையில் மேளச் சத்தம் கேட்டது. அய்யனார் கோயிலில் பூசை முடிந்து ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. முன்னால் ஊர்த் தலைவரான அம்பலம். அவருக்குப் பக்கத்தில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதியோடு என் மாமனார். இரண்டு கைகளிலும் தாம்பாளம். தாம்பாளத்தில் மடிப்புக் கலையாத அந்தப் புதுத் துண்டு. பின்னால் வளர்மதி.

மேளம் முதலில் நின்றது. பிறகு கால்கள் நின்றன. கண்மாயில் சேற்றைக் கலக்கிக்கொண்டு ஊரே குனிந்திருந்தது. கரை மேல் நான், இடுப்பில் வேட்டி, கையில் வெள்ளை, கழுத்தெல்லாம் தடிப்பு. தூரத்திலிருந்து பார்த்தால் தொப்பையும் வெள்ளையும்தான் தெரியும். அந்த இரண்டும் சேர்ந்தால் எந்த ஊரிலும் பெரிய மனிதர்தான்.

மாமனார் கண்மாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார்.

"மாப்ள, குளிச்சாச்சா?" என்றார்.

அவ்வளவுதான். மாப்பிள்ளையை வேறு எதுவும் கேட்கக் கூடாது என்பது அந்த ஊர் மரியாதை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வளர்மதி என்னை ஓரமாக இழுத்துப் போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். ஊரில் பங்காளி வகையறா ஒவ்வொன்றும் ஒரு கரை. வெள்ளை வீசும் மரியாதை கரைக்குக் கரை சுற்றி வரும். "போன மொற நம்ம கரைக்கு வந்தப்ப மழையில்ல, கம்மாயி காஞ்சு கெடந்துச்சு. அய்யா வெறும் மண்ணப் பாத்துட்டுத் திரும்பி வந்தாக. அப்பருந்து இதுக்காக இருக்காக. ஒரு மாசமா மாடியில வீசிப் பழகுறாக. நீங்க..." மேலே அவளுக்கு வார்த்தை வரவில்லை. (பிறகு வந்தது. பரமக்குடி தாண்டும் வரைக்கும் நிற்கவில்லை.)

அம்பலத்துக்குக் கோபம். "சாமி கும்புட்டு முடியல, அதுக்குள்ள ஆரு வீசுனது? வெளியாளு வீசுனா வீசுனதாகாது. எல்லாரையும் மேல ஏத்துங்கப்பா. மீன உள்ள விடச் சொல்லுங்க. சாயந்தரம் ஊரக் கூட்டி விசாரிப்போம். அப்பறம் ஒரு நா நல்ல நேரம் பாத்து மொறப்படி வீசிக்கிருவோம்."

நியாயமான தீர்ப்பு. மாமனாருக்கு மரியாதை திரும்பக் கிடைக்கும். நான் மட்டும் ஊர்க் கூட்டத்தின் நடுவில் நின்று அன்னம், பிஸ்கட், சுள்ளெறும்பு என்று வரிசையாக விளக்க வேண்டியிருக்கும். இருந்தாலும் விசாரித்துவிடட்டும் என்றுதான் வாய் திறந்தேன்.

அதற்குள் மாமனார் பேசிவிட்டார். "வெளியாளு என்ன வெளியாளு? எங்க வீட்டு மாப்பிள்ள. எங்க கரைதான் வீசியிருக்கு. வீசுனது வீசுனதுதான்."

"அப்ப ஓம் மொற முடிஞ்சு போச்சுப்பா. அடுத்து எப்ப சுத்தி வருமோ."

"முடிஞ்சது முடிஞ்சதுதான்."

தாம்பாளத்தைப் பின்னால் நின்றவரிடம் கொடுத்துவிட்டு, துண்டை மட்டும் எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துக் கண்மாய்க்குள்ளிருந்து சேற்றால் செய்த ஓர் உருவம் கரையேறி வந்தது. கண்ணும் பல்லும் மட்டும் வெள்ளை. கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு விரால். குரலை வைத்துத்தான் செய்யது பாய் என்று தெரிந்தது.

"மாஷா அல்லாஹ்! தம்பி, நீங்களா வீசுனீக? சொல்லவே இல்லயே! மொத மீனு வீசுனவுகளுக்குத்தான். புடிங்க."

நான் அதை மாமனாரிடம் நீட்டினேன். அவர் ஓர் அடி பின்னால் போனார். "வழக்கம்னா வழக்கம் மாப்ள. வீசுனவுகதான் வாங்கணும்." அவர் சொல்லி முடிப்பதற்குள் விரால் என் கையிலிருந்து நழுவி, கரையில் துள்ளி, பள்ளத்தில் உருண்டு, கூடாரத்துக்குள் போய்விட்டது. (அன்று அந்தக் கூடாரத்தில் இயற்கையோடு இருந்தது அது ஒன்றுதான்.)

மத்தியானம் அந்த விரால் குழம்பாகி வந்தது. தலையை எனக்குத்தான் வைத்தார்கள். யாரும் ஒரு சொல் திட்டவில்லை. "இன்னும் கொஞ்சம் ஊத்திக்கங்க மாப்ள" என்று மாமியார் சொன்ன ஒவ்வொரு முறையும் எனக்கு விக்கியது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கனடாவிலிருந்து மைத்துனன் அழைத்தான். யாரோ எடுத்த காணொளி எனக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. "மச்சான், மனசு லேசாயிருச்சா?" என்றான்.

மறுநாள் அந்தப் பக்கத்து நிருபரின் செய்தி அலுவலகத்துக்கு வந்தது. மீன்பிடித் திருவிழாவை 'ஊர்ப் பெரியவர் ஒருவர் வெள்ளை வீசித் தொடங்கி வைத்ததாக' எழுதியிருந்தார். ஓர் எழுத்தையும் மாற்றக் கூடாது என்று நான் ஊரிலிருந்தே சொல்லி அனுப்பினேன். முதல் பக்கச் செய்தியைப் பற்றிச் செய்தி ஆசிரியர் இன்றும் சில சமயம் கேட்பார், "அந்த வெள்ளைச்சாமி கிடைச்சாரா?" என்று.

இது நடந்து சில வருஷம் ஆகிறது. மாமனார் வீட்டில் நான் குளிக்கப் போனால் கொடியில் எனக்கென்று சிவப்புத் துண்டுதான் கிடக்கும். அவரும் தொலைபேசியில் "சாப்பிட்டாச்சா" என்று கேட்பதை விட்டுவிட்டார். "குளிச்சாச்சா மாப்ள?" என்றுதான் ஆரம்பிப்பார். அவர் கரைக்கு முறை இன்னும் சுற்றி வரவில்லை. நடுவில் இரண்டு வருஷம் மழையும் இல்லை.

அந்தப் புதுத் துண்டு வீணாகவில்லை. ஊருக்குப் போய்விட்டு நாங்கள் கிளம்பும்போது, கார் நகர்ந்ததும் மாமனார் தெருவுக்கு நடுவில் வந்து நிற்பார். கக்கத்திலிருந்து அதை எடுத்து விரிப்பார். வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி, மெதுவாக, மாடியில் பழகிய அதே வீச்சில் சுழற்றுவார். ஒரு தடவை, நிறுத்தி, மறுபடி. இருபக்கத்து வீடுகளிலிருந்தும் "ஓ...!" என்று ஒரு கூச்சல் எழும். தெருவே சிரித்துக்கொண்டு கார் பின்னால் இறங்கி ஓடி வரும். திருப்பத்தில் கார் வளையும் வரைக்கும் அவர் கை இறங்காது.

"நல்லா வீசுறாகல்ல?" என்பாள் வளர்மதி, ஒவ்வொரு முறையும், கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே.

நன்றாகத்தான் வீசுகிறார். நான் வீசியதைவிட எவ்வளவோ மேல்.